"தாய் எங்கே போனாள்?" என்று கேட்பவர்களுக்கு



மாவடிப்பள்ளி என்ற எங்கள் ஊர்ப் பெயரிலேயே மாமரம் நிற்கிறது. வீட்டைச் சுற்றியுள்ள காணியை நாங்கள் வளவு என்போம். மாவோ கொய்யாவோ ஜம்புவோ இல்லாத வளவு இங்கே குறைவு. உங்கள் லயத்துப் பின்புறத்திலும் கொய்யா நிற்கும். களுத்துறை, கேகாலைப் பக்கத்து றப்பர் தோட்டங்களில் றம்புட்டானும் பலாவும் நிற்கும். பிள்ளைகள் தின்னட்டும் என்றுதான் இவற்றை நட்டோம். ஆனால் அந்த மரத்தடியில் நடைபழகும் பிள்ளைக்கு ஏதாவது நேர்ந்தால், ஊரும் துரையும் முதலில் கேட்பது ஒரே கேள்வி: "தாய் எங்கே போனாள்?"

எங்கே போனாள்? வேலைக்குப் போனாள். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர் விழும் என்பதால் மலையில் நின்றாள். எங்கள் பக்கத்து உம்மா வயலில் புல்லுப் பிடுங்கப் போனாள். பிள்ளை மூத்தம்மாவிடம் இருந்தது, அல்லது ஏழு வயது அக்காவிடம் இருந்தது.

இது சட்டத்துக்குத் தெரியாத இரகசியமல்ல. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தொழிலாளிக்கு நாளில் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் உண்டு. பிள்ளை மடுவம் இருந்தால் ஒவ்வொன்றும் 30 நிமிடத்துக்குக் குறையக்கூடாது; இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையக்கூடாது. வேலை நேரத்தில் தாய் பிள்ளையின் அருகில் இல்லை என்பதை ஏற்றுக்கொண்டுதான் இப்படி எழுதியிருக்கிறார்கள். ஆனால் பிள்ளை எழுந்து நடந்து, கண்டதை எடுத்து வாயில் போடத் தொடங்கும் வயதில் அந்த இடைவேளையும் முடிந்துவிடுகிறது.

2024 நவம்பர் 26ஆம் திகதி மாவடிப்பள்ளியில் மத்ரஸா மாணவர்கள் போன உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றது. அன்று பாதையைப் பற்றியும் பொறுப்பைப் பற்றியும் கேள்வி எழுந்தது. அது சரியான கேள்வி. வளவில் ஒரு சின்னப்பிள்ளைக்கு ஆபத்து வரும்போதும் அதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும்: ஆபத்தை அங்கே வைத்தது யார்? அதை அகற்றாமல் விட்டது யார்?

ஆபத்துகள் எவை என்று பார்ப்போம். முதலாவது, பழத்தின் விதை. சின்னப்பிள்ளையின் மூச்சுக்குழாய் நமது சுண்டுவிரலை விட ஒடுங்கியது. றம்புட்டான் விதை வழுக்கும். சதையோடு உறிஞ்சும்போது அப்படியே தொண்டைக்குள் இறங்கும். அதனால் பிள்ளைகள் இறந்த செய்தி நம் நாட்டுப் பத்திரிகைகளில் பலமுறை வந்திருக்கிறது.

இரண்டாவது, மரத்துக்குப் பக்கத்து வேலி. காட்டாமணக்கு விதை தின்ன ருசியாக இருக்கும், பிறகு வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். மஞ்சள் அலரிக் கொட்டை இதயத் துடிப்பையே குழப்பி ஆளைக் கொல்லும். பழம் பறித்துத் தின்னப் பழகிய பிள்ளைக்கு எது பழம், எது நஞ்சு என்று எப்படித் தெரியும்?

மூன்றாவது, களைநாசினி. லயத்து ஓரம்வரை மருந்து அடிக்கிறார்கள். அந்தப் புல்லில் விழுந்த கொய்யாவைப் பிள்ளை எடுக்கிறது. வெறும் மருந்துப் போத்தலில் மண்ணெண்ணெய் வைக்கிறோம். பிள்ளைக்குப் போத்தல் என்றால் குடிக்கிற சாமான்.

நான்காவது, மறைப்புக் கட்டாத கிணறும், மூடாமல் விட்ட குழியும்.

"கவனமாக இருக்கச் சொல்லுங்கள், போதும்" என்கிறார்கள் சிலர். போதாது. இந்நாட்டு அனுபவமே அதற்குச் சாட்சி. நஞ்சைக் குடிக்காதீர்கள் என்று எத்தனை காலம் புத்தி சொன்னார்கள்! 1995இல் மொனோகுரோட்டோபொஸ் போன்ற கொடிய மருந்துகளையும், 2008 முதல் 2011 வரை படிப்படியாகப் பரகுவாட்டையும் விற்பனையிலிருந்து அகற்றிய பிறகுதான் நஞ்சருந்திச் சாவோர் தொகை பெரிதாகக் குறைந்தது. அகற்றியது உயிரைக் காத்தது. பெரியவர்களுக்கே அப்படியென்றால், இரண்டு வயதுப் பிள்ளைக்குப் புத்தி சொல்லி என்ன பயன்?

"இது வீட்டு விஷயம், சங்கத்துக்கு என்ன வேலை?" என்று கேட்பவர்களும் உண்டு. மருந்தை அடிக்கச் சொல்வது நிர்வாகம். பிள்ளை மடுவத்தை நடத்த வேண்டியது நிர்வாகம். லயத்துக் குழியை மூட வேண்டியதும் நிர்வாகம். அப்படியானால் இது சங்கத்தின் வேலையேதான். நாம் கேட்பவை இவை:

• கொழுந்தெடுக்கும் நேரம் முழுவதும் பிள்ளை மடுவம் திறந்திருக்க வேண்டும். பிள்ளைகளின் தொகைக்கு ஏற்றபடி ஆயாக்கள் வேண்டும். ஒருவர் லீவு என்றால் மாற்றாள் வர வேண்டும்.
• லயம், பழமரம், தண்ணீர்ப் பீலி ஆகியவற்றுக்குப் பக்கத்தில் மருந்து அடிக்கக்கூடாது. வெறும் போத்தல்களை நிர்வாகமே எண்ணித் திரும்ப எடுக்க வேண்டும்.
• கிணறுகளுக்கு மறைப்புச் சுவரும் மூடியும் வேண்டும். குழிகள் மூடப்பட வேண்டும்.

நிர்வாகம் செய்யும்வரை நாம் கைகட்டி நிற்கத் தேவையில்லை. ஐந்து வயதுவரை விதையெடுத்த பழத்தையே கொடுப்போம். பிள்ளை உட்கார்ந்து தின்னட்டும், ஓடிக்கொண்டு வேண்டாம். அலரியையும் காட்டாமணக்கையும் வெட்டுவோம். பொறுப்பில் விட்டுப்போகும் அக்காவுக்கும் மூத்தம்மாவுக்கும் இதைச் சொல்லி வைப்போம்.

விதை சிக்கிப் பிள்ளைக்கு மூச்சும் குரலும் வராவிட்டால், தலை கீழாகச் சரிய மடியில் குப்புறப் போட்டு, தோள்பட்டைகளின் நடுவில் உள்ளங்கையால் ஐந்து தட்டுத் தட்டுங்கள். வெளியே வராவிட்டால், ஒரு வயது தாண்டிய பிள்ளையைப் பின்னாலிருந்து அணைத்து, தொப்புளுக்கு மேலே ஐந்து முறை உள்ளும் மேலுமாக அமுக்குங்கள். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளையானால் வயிற்றை அமுக்காமல் நெஞ்சின் நடுவே இரு விரலால் ஐந்து முறை அமுக்குங்கள். இரண்டையும் மாறி மாறிச் செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் தோண்டாதீர்கள். நஞ்சு தின்றிருந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தின்ற விதையை அல்லது போத்தலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். எதுவானாலும் உடனே 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

அடுத்த கிளைக் கூட்டத்தில் மாதர் அணித் தலைவிமார் இந்த மூன்று கோரிக்கைகளையும் எழுத்தில் வைக்க வேண்டும். தலைவர்மார் அதைத் துரையிடம் கொடுத்து, கையொப்பத்தோடு பதில் வாங்க வேண்டும். இனி எவராவது "தாய் எங்கே போனாள்?" என்று கேட்டால், அந்தக் கடிதத்தை எடுத்துக் காட்டி, "நீங்கள் எங்கே போனீர்கள்?" என்று நாம் கேட்போம்.