கேட்ட குரலை நேரில் காண்பது



ஒருவருடைய குரலைப் பல்லாண்டு கேட்டுப் பழகியபின், அவரை முதன்முறையாக நேரில் காண்பது தனியானதோர் அனுபவம். கிட்டார் ஏந்திப் பாடும் மேனாட்டுக் கலைஞரைக் காணக் காத்து நிற்கும் இளைஞருக்கும், மேடையின் முன் பாய் விரித்து அமர்ந்த நம் பெரியவர்களுக்கும் அந்த ஆவல் ஒன்றே. இராமநாதபுரம் கடற்கரை மக்களுக்கு அந்த ஆவலைத் தந்த குரல் யாருடையது என்று கேட்டால், உங்களில் பலர் ஒரே பெயரைத்தான் சொல்வீர்கள்: மர்ஹூம் இசைமுரசு நாகூர் இ.எம். ஹனீபா.

பெயரில் நாகூர் இருப்பினும், அவர் 1925ஆம் ஆண்டு பிறந்த ஊர் இராமநாதபுரம். இளம் பருவத்திலேயே திருமண இல்லங்களில் பாடத் தொடங்கியவர். இசைத்தட்டுக் காலம், வானொலிக் காலம், ஒலிநாடாக் காலம் ஆகிய மூன்றையும் கடந்து அவர் குரல் ஒலித்தது. 1961இல் வெளிவந்த ‘பாவ மன்னிப்பு’ திரைப்படத்தின் பெருநாள் பாடலில் டி.எம். சௌந்தரராஜனுடன் இணைந்து பாடினார். அரசியல் மேடையிலும் முழங்கினார். தமிழக மேலவை உறுப்பினராகவும், வக்பு வாரியத் தலைவராகவும் பொறுப்பு வகித்தார்.

ஆனால் நம் வீடுகளில் அவரை அறிமுகப்படுத்தியவை பதவிகள் அல்ல. திருமண வீட்டு ஒலிபெருக்கியும், ‘டேப் ரிக்கார்டரு’மே. கீழக்கரையிலும் ஏர்வாடியிலும் தேவிபட்டினத்திலும் தொண்டியிலும், முகம் அறியுமுன்னரே அந்தக் குரலை அறிந்த குழந்தைகள் எத்தனை பேர்!

அத்தகையவர் மேடையில் ஏறும்போது என்ன நிகழ்கிறது? ஒலிநாடாவில் குரல் மட்டுமே உண்டு. மேடையிலோ மூச்சும் உண்டு, வியர்வையும் உண்டு. உச்சத்தில் சோராமல் நிற்கும் அந்தக் கணீரென்ற ஓசைக்கு ஒரு மனிதரின் நெஞ்சு எவ்வளவு உழைக்கிறது என்பதைக் கண்ணால் காண்கிறோம். அருகில் அமர்ந்திருக்கும் முதியவர் கண் துடைப்பதையும் காண்கிறோம். மொட்டை மாடியிலும் சன்னல் ஓரத்திலும் நின்று கேட்கும் நம் தாய்மார்களும் அச்சபையின் ஒரு பகுதியே. தனியே கேட்ட பாட்டு ஊரார் அனைவரின் பாட்டாகிறது.

அக்காலத்தில் ஒரு கச்சேரியைக் காண்பது எளிதும் அன்று. 1988இல் பாம்பன் சாலைப் பாலம் திறக்கப்படும்வரை, இராமேஸ்வரம் தீவிற்கு வாகனம் செல்லச் சாலை கிடையாது. 1914 முதல் இருந்த இரயில் பாலமே வழி. ஹார்மோனியமும் தபேலாவும் தீவிற்குள் வருவதாயினும், தீவு மக்கள் இராமநாதபுரத்துக் கச்சேரிக்குச் செல்வதாயினும், இரயில் நேரம் பார்த்தே ஆகவேண்டும். இரவுக் கச்சேரி முடிந்தால் விடியும்வரை காத்திருக்கவும் நேரிடும். அவ்வாறு சிரமப்பட்டுக் கேட்ட பாட்டை யார் மறப்பார்?

இசைக்கருவிகளைப் பற்றி ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதனைத் தீர்ப்பது இப்பகுதியின் வேலை அன்று. ஆயினும், எழுதப் படிக்க வாய்ப்பற்ற எத்தனையோ பேருக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றுச் செய்திகளை எளிய தமிழில் கொண்டு சேர்த்தவை இப்பாடல்கள் என்பதை மறுப்பார் இலர்.

2015 ஏப்ரல் 8ஆம் நாள் ஹனீபா அவர்கள் சென்னையில் மறைந்தார்கள். இன்று கைப்பேசியைத் தொட்டால் அவர் குரல் வருகிறது. ஆனால் அவரை நேரில் கண்டோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். குரல் எஞ்சும், கண்டவர் சாட்சியம் எஞ்சாது. இதுவே நாம் கவனிக்க வேண்டிய இழப்பு.

ஆகவே வாசகர்களே, உங்கள் வீட்டுப் பெரியவரிடம் இன்றே கேளுங்கள்: எந்த ஊரில் கண்டீர்கள்? யாருடைய திருமணம்? உடன் வந்தவர் யார்? அதைக் குறித்து வையுங்கள். இயன்றால் அவர் குரலிலேயே பதிவு செய்யுங்கள். பரணில் கிடக்கும் ஒலிநாடாக்களையும் எடுத்துப் பாருங்கள். கடற்கரை ஈரத்தில் நாடா பூஞ்சை பிடித்து வீணாகும். உள்ளூர்க் கச்சேரியின் பதிவு ஏதேனும் இருப்பின், அதற்கு வேறு படி இராது. அறிந்தவரிடம் கொடுத்துக் கணினியில் ஏற்றி, ஊரும் ஆண்டும் எழுதி வையுங்கள்.

இன்னொன்றும் உண்டு. இன்று உங்கள் ஊரில் பாடுகின்ற எளிய பாடகர் ஒருவர் இருக்கலாம். அவர் பாடும்போது பிள்ளைகளை அழைத்துச் சென்று முன்வரிசையில் அமர வையுங்கள். அவர் மறைந்தபின் இரங்கல் கூட்டத்தில் அமர்வதைவிட, அவர் வாழும்போது பாயில் அமர்ந்து கேட்பதே அவருக்குச் செய்யும் மரியாதை.