கவுன்சில் காசு யாருக்குப் போகிறது?

கோயில் திருவிழாவோ சாமத்தியச் சடங்கோ, லண்டன் தமிழர் கூடும் இடங்களில் ஒரு பேச்சு தவறாமல் காதில் விழும்: "உழைக்கிறவன் தன்ரை காசிலை வாடகை கட்டுறான். உழைக்கப் பஞ்சிப்படுகிறவன் கவுன்சிலிட்டை வாங்கிக் கட்டுறான்." இந்தப் பேச்சு பிழை. உதவி கேட்க வேண்டிய குடும்பத்தின் வாயை அடைத்து, கடைசியில் அதன் வீட்டையே பறித்துவிடுகிற பிழை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். மாதம் 1,500 பவுண்ட் வாடகைக்கு ஒரு வீடு. இங்கிலாந்தின் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டுக்காரர் ஐந்து வார வாடகையை டெபாசிட்டாகக் கேட்கலாம். அது ஏறத்தாழ 1,730 பவுண்ட். முதல் மாத வாடகை 1,500ஐயும் முன்கூட்டியே கட்ட வேண்டும். ஆக, வீட்டுத் திறப்பு கைக்கு வருமுன்பே 3,230 பவுண்ட் வேண்டும். பழைய வீட்டின் டெபாசிட்டோ அந்த வீட்டை விட்டு வெளியேறிய பின்னரே திரும்பி வரும். 2025 ஏப்ரலில் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21 பவுண்ட் ஆனது. அந்த ஊதியத்துக்கு வாரம் 40 மணி நேரம் கடையில் நிற்பவருக்கு இந்தத் தொகை, வரி பிடிக்குமுன், ஒன்றரை மாதச் சம்பளம். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் இதை எப்போது சேர்ப்பார்? இவரிடம் எந்தச் சோம்பலைக் கண்டோம்?

மாதாமாதம் விழும் துண்டும் சோம்பலால் வந்ததல்ல. தனியார் வீட்டு வாடகைக்கு அரசு தரும் உதவிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 2008இல் அது அந்தந்தப் பகுதி வாடகைகளின் நடு அளவாக இருந்தது. 2011இல் மலிவான 30 சதவீத வீடுகளின் அளவுக்கு இறக்கினார்கள். 2016 முதல் நான்கு ஆண்டுகள் கூட்டாமல் நிறுத்திவைத்தார்கள். 2020இல் கூட்டிவிட்டு மறுபடி நிறுத்தினார்கள். 2024இல் கூட்டி, 2025இல் இன்னொரு முறை நிறுத்தினார்கள். இத்தனை ஆண்டுகளில் இங்கிலாந்தில் வாடகையை எவரும் நிறுத்திவைக்கவில்லை. இந்தப் பள்ளம் அரசாங்கமே வெட்டியது.

அதை ஓரளவு நிரப்பத்தான் கவுன்சில்கள் 2001 முதல் தங்கள் விருப்புரிமைப்படி வாடகை உதவி வழங்கிவருகின்றன. இங்கிலாந்தில் 2026 ஏப்ரலிலிருந்து அது ஒரு நெருக்கடிகால நிதியின் பகுதியாகிறது. வாடகையில் விழும் துண்டுக்கும், புது வீட்டின் டெபாசிட்டுக்கும், முதல் மாத வாடகைக்கும் இதில் உதவி பெறலாம். சில கவுன்சில்கள் காசாகத் தராமல் டெபாசிட்டுக்கு வீட்டுக்காரரிடம் பிணை நிற்கின்றன. சில இடங்களில் அது தவணையில் திருப்பிக் கட்டும் கடன். குறைந்த வருமானத்தினருக்கான அரச உதவியான யூனிவர்சல் கிரெடிட் பெறுவோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வேலை செய்பவர் என்பதையும் மறக்கக்கூடாது.

சரி, இந்தக் காசு யாரிடம் போய்ச் சேருகிறது? வீட்டுக்காரரிடம். வாடகையாளர் கையில் ஒரு பென்ஸ்கூடத் தங்குவதில்லை. வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருக்கும் நம்மவர் பலரின் மோர்ட்கேஜும் இந்தக் காசில் கட்டப்படுகிறது. வாடகை வாங்குகிறவருக்கு மதிப்பு, அதைக் கொடுக்க வழியில்லாதவருக்கு இழுக்கு என்பது என்ன நியாயம்?

"வரிப்பணம் வீணாகிறது" என்பார்கள். வீணாவது வேறிடத்தில். வீடிழந்த குடும்பங்களைத் தற்காலிக இருப்பிடங்களில் வைத்திருக்க இங்கிலாந்துக் கவுன்சில்கள் 2023-24இல் மட்டும் ஏறத்தாழ 230 கோடி பவுண்ட் செலவழித்தன. 1,20,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் அப்படி வாழ்கின்றன. ஒரே ஹோட்டல் அறையில் சமையல் இல்லாமல், கட்டிலில் இருந்து வீட்டுப்பாடம் எழுதி, இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் அங்கே வளர்கிறார்கள். நேரத்தோடு கொடுத்த டெபாசிட் அந்த அறையையும் தவிர்க்கும், அந்தச் செலவையும் தவிர்க்கும்.

இந்த உதவியில் குறை உண்டு. இது உரிமையல்ல, கவுன்சிலின் முடிவு. ஆண்டு முடியுமுன் நிதி தீர்ந்துபோவதுண்டு. "பெய்லிஃப் வரும்வரை வீட்டிலேயே இருங்கள்" என்று சொல்லி அனுப்பும் அதிகாரிகளும் உண்டு. இவற்றுக்காகக் கவுன்சிலோடு சண்டை பிடிக்க வேண்டும். உதவி கேட்பவரை ஏளனம் செய்வதால் இவற்றில் ஒன்றும் திருந்தாது.

நம்மவர் பலர் வெட்கப்பட்டுக் கவுன்சிலுக்குப் போவதில்லை. சீட்டைக் கழித்து எடுக்கிறார்கள், தெரிந்தவரிடம் வட்டிக்கு வாங்குகிறார்கள். அந்த வட்டியைக் கட்டவே அடுத்த மாத வாடகை பிந்துகிறது. வாடகை பிந்தியதும் வீட்டை விட்டு வெளியேறும்படி நோட்டீஸ் வருகிறது. தன்மானம் என்று நாம் புகழ்வது அந்தக் குடும்பத்தை இழுத்துப்போகும் வழி இதுதான்.

ஆகவே, நோட்டீஸ் வந்த அன்றே கவுன்சிலுக்குப் போங்கள். 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, 56 நாட்களுக்குள் வீடிழக்கும் நிலையில் இருப்பவர் உதவிக்குத் தகுதியுடையவராக இருந்தால், அதைத் தடுக்க முயல்வது கவுன்சிலின் கடமை. விசாவில் அரச உதவி பெறத் தடை இருப்பவர்கள் மட்டும் முதலில் ஒரு சட்ட ஆலோசகரைக் கேளுங்கள். மற்றவர்கள் தயங்க வேண்டாம். நீங்கள் கட்டிய வரியும் அந்த நிதியில் இருக்கிறது. அடுத்த முறை மண்டபத்தில் எவராவது "பஞ்சி" என்று தொடங்கினால், 3,230 பவுண்ட் கணக்கை அவருக்கு எழுதிக் காட்டுங்கள்.