அழுகை ஒன்றே அளவுகோலா?

நடிகையர் திலகம் சாவித்திரியின் நடிப்பில் தலைசிறந்தது எது என்று கோலசிலாங்கூர் வட்டாரத்தில் எவரைக் கேட்டாலும் ஒரே விடைதான் வரும். புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம் ஆகிய ஊர்களிலும், பத்தாங் பெர்ஜுந்தை என்று நெடுங்காலம் வழங்கி 2007-இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய ஊரிலும், வடக்கே களும்பாங், கெர்லிங் தோட்டங்கள் வரையிலும் அவ்விடை மாறுவதில்லை. 1961-இல் வெளிவந்த 'பாசமலர்' படத்தின் இராதாவே அந்த விடை. ஏன் என்று மேலும் கேட்டால், "அதைப் பார்த்து அழாதவர் உண்டா?" என்ற எதிர்வினாவே காரணமாகக் கூறப்படும்.

இத்தீர்ப்பைப் பள்ளி மாணவரும் மனப்பாடமாக ஒப்பிக்கின்றனர். பட்டிமன்ற மேடைகளும் இதனை முடிந்த முடிபாகக் கொள்கின்றன. ஆயினும் இது பிழையான தீர்ப்பு. பாசமலர் எளிய படம் அன்று. இராதாவும் எளிய பாத்திரம் அன்று. பிழை, தீர்ப்புக்குக் காட்டப்படும் காரணத்தில் உள்ளது. பார்ப்பவர் சிந்தும் கண்ணீரின் அளவே நடிப்பின் அளவு என்று கொள்வது கலையையும் அறியாமை; அக்கலைஞரையும் அறியாமை. சாவித்திரியின் நடிப்பு தன் முழு வளர்ச்சியையும் காட்டி நின்ற படம், ஏ. பி. நாகராசன் இயக்கத்தில் 1964-இல் வெளிவந்த 'நவராத்திரி'யே ஆகும்.

திடலில் பெருகிய கண்ணீர்

பாசமலருக்கு இவ்வட்டாரத்தில் இத்துணைப் பெருமை வாய்த்தது எவ்வாறு என்பதை முதலில் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தோட்டத் திடலில் இரு கம்பங்களுக்கிடையே வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலம் அது. பாயும் சாக்கும் விரித்துக் குடும்பம் குடும்பமாக மக்கள் அமர்வர். முன்புறம் இடம் கிடைக்காதவர் திரையின் பின்புறம் அமர்ந்து இடம் வலமாக மாறிய உருவங்களைக் கண்டு மகிழ்வர். விடியுமுன் பெரட்டுக்குச் செல்ல வேண்டும் என்ற கவலையையும் மறந்து, கடைசிச் சுருள் ஓடி முடியும் வரை எவரும் எழுவதில்லை.

அத்திடலில் அமர்ந்திருந்த முதியோர் பலர் உடன்பிறந்தாரைத் தமிழகத்தில் விட்டுவிட்டுக் கப்பலேறியவர்கள், அல்லது அவ்வாறு வந்தவர்களின் பிள்ளைகள். அண்ணன் இறந்த செய்தி கருமாதி முடிந்த பின்னரே கடிதமாக வந்து சேர்ந்த இல்லங்கள் உண்டு. தங்கை திருமணத்திற்குப் பணம் மட்டும் அனுப்பிவிட்டு மணக்கோலம் காணாதிருந்த தமையன்மார் உண்டு. அவர்கள் முன்னிலையில், பிரிந்து தவித்த அண்ணனும் தங்கையும் இறுதியில் கைகோத்தபடி உயிர்விடும் காட்சி ஓடியபோது திடலே விம்மியது. அதில் வியப்பில்லை. அவ்விம்மல் பொய்யும் அன்று.

ஆனால் அக்கண்ணீரில் எவ்வளவு சாவித்திரியின் நடிப்புக்கு உரியது, எவ்வளவு பார்த்தவரின் சொந்தத் துயருக்கு உரியது என்று பிரித்தறிய வேண்டாவா? பார்ப்பவர் நெஞ்சில் ஏற்கெனவே நிறைந்திருந்த துயரை ஒரு படம் திறந்துவிடுவது அப்படத்திற்குப் பெருமையே. எனினும், அதனையே நடிகரின் திறனுக்குச் சான்றாகக் காட்டுவது, வெள்ளம் கண்டவர் மதகைப் புகழ்வது போன்றது.

மரபு கூறும் அளவுகோல்

அழுகையை அளவுகோலாக்குவோர் தமிழ் மரபின் துணையைக் கோர இயலாது. தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டு என்றார். அவற்றுள் அழுகை ஒன்று. நகையும் மருட்கையும் அச்சமும் வெகுளியும் பெருமிதமும் அதற்கு இளைத்தவை அல்ல. அழுகைக்கு மட்டும் தனி அரியணை இட்டு மற்றவற்றைக் காலடியில் அமர்த்த அவர் எங்கும் இடந்தரவில்லை. எட்டுடன் சமநிலையைச் சேர்த்து ஒன்பான் சுவை என வழங்கும் மரபும் உண்டு.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் பயிற்றும் ஆசிரியர்கள் இன்னொன்றையும் அறிவர். மாதவி ஐந்தாம் அகவையில் தொடங்கி ஏழாண்டுகள் பயின்று பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறினாள் என்கிறார் இளங்கோவடிகள். ஆடலாசான், இசையாசான், குழலோன், யாழாசிரியன் என்று ஒவ்வொருவர் தகுதியையும் வகுத்துரைக்கிறார். அரங்கின் நீள அகல உயரங்களையும் கணக்கிட்டுக் கூறுகிறார். அவையோர் எத்தனை பேர் அழுதனர் என்ற கணக்கு அங்கு இல்லை. ஆடற்கலையைப் பயிற்சியாலும் நுட்பத்தாலும் அளந்த மரபு தமிழ் மரபு. அம்மரபைப் பாடநூலில் கற்பித்துவிட்டு, மேடையேறியதும் கண்ணீரால் கலையை அளப்பது முரண்பாடன்றோ?

இராதாவும் நளினாவும்

பாசமலரின் அமைப்பை நோக்குக. ஏ. பீம்சிங்கின் இயக்கம், ஆரூர்தாஸின் உரையாடல், கண்ணதாசனின் பாடல்கள், விசுவநாதன்–இராமமூர்த்தியின் இசை ஆகிய அனைத்தும் ஒரே திசையில் பார்ப்பவரை நடத்திச் செல்கின்றன. அண்ணன் மீது அளவிறந்த அன்பு கொண்ட தங்கை, மணமான பின் கணவனுக்கும் அண்ணனுக்கும் இடையே நின்று தவிக்கிறாள். இரு பற்றுகளுக்கிடையே நசுங்கும் அந்தத் துயரைச் சாவித்திரி குறைவற நடித்தார். ஆனால் இராதா செல்ல வேண்டிய பாதை ஒன்றே. துயரின் படிகளில் அவள் இறங்கிக்கொண்டே செல்கிறாள். உடன் இறங்குவதற்குச் சிவாஜி கணேசன் இருக்கிறார். தாங்கிக்கொள்ள இசை இருக்கிறது.

நவராத்திரியின் நளினாவுக்கு அத்தகைய துணை எதுவும் இல்லை. தந்தை பார்த்த மணமகன் யார் என்று அறியாமலேயே வீட்டை விட்டு வெளியேறும் அவள், ஒன்பது இரவுகளில் ஒன்பது ஆடவரை எதிர்கொள்கிறாள். சிவாஜி கணேசனுக்கு அது நூறாவது படம். அற்புதம், பயம், கருணை, கோபம், சாந்தம், அருவருப்பு, சிங்காரம், வீரம், ஆனந்தம் என ஒன்பது சுவைகளுக்கு ஒன்பது வேடம் புனைந்தார். அவர் திறனை மறுப்பார் இலர். ஆனால் அவருக்கு ஒவ்வோர் இரவும் புதிய ஒப்பனை, புதிய குரல், புதிய நடை, புதிய பெயர் உண்டு. சாவித்திரிக்கு அந்த வசதி இல்லை. பெயரும் ஒன்று, நினைவும் ஒன்று. முதல் இரவின் காயத்தை இரண்டாம் இரவிலும், இரண்டு இரவுகளின் அச்சத்தை மூன்றாம் இரவிலும் அவர் சுமந்தாக வேண்டும். முந்தைய இரவை மறந்துவிட்டு நடித்தால் நளினா சிதைந்துபோவாள். அதிலேயே மூழ்கியிருந்தால் புதிய இரவின் சுவை பிறவாது.

அவர் இதனை எவ்வாறு செய்தார்? மனைவியை இழந்தவர் அடைக்கலம் தரும்போது நன்றியும் ஐயமும் ஒருசேர அவர் கண்ணில் தோன்றுகின்றன. குடிகாரரிடம் தனியே அகப்படும்போது அச்சம் மெல்ல மெல்லத் துணிவாக மாறுகிறது. முதிய மருத்துவரின் முன் மகளாகக் குழைகிறார். துப்பாக்கி ஏந்திய கொலையாளியின் முன் மூச்சடங்கி நிற்கிறார். தொழுநோயால் பிறர் ஒதுக்கிய மனிதரின் முன், முகம் சுளிக்க இடமிருந்தும் சுளிக்காமல் இரங்குகிறார். எதிரே நிற்பவரின் சுவை பார்ப்பவர் நெஞ்சுக்குள் நுழைவது நளினாவின் முகம் என்னும் வாயிலின் வழியாகத்தான். அவ்வாயில் மூடியிருந்தால் ஒன்பது வேடங்களும் வெறும் மாறுவேடப் போட்டியாக முடிந்திருக்கும்.

இன்னும் அரிய இடங்கள் இரண்டு உள்ளன. ஒன்று, தெருக்கூத்தில் வேடமேற்கும் நிலை. அங்கே சாவித்திரி நடிப்பது கூத்துக்காரியாக அன்று. கூத்து அறியாத பெண் கூத்துக்காரியாக நடிப்பதையே அவர் நடிக்கிறார். மற்றொன்று, மனநோயாளி போல் நடித்து மருத்துவமனையில் இருக்கும் பகுதி. உடனிருப்போர் அதனை மெய்யென நம்ப வேண்டும். பார்ப்பவரோ பொய்யென அறிய வேண்டும். ஒரே அசைவில் இருவருக்கும் இருவேறு செய்தி சொல்லும் இந்நுட்பம், வாய்விட்டு அழுவதினும் பன்மடங்கு கடினமானது. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் இவ்வளவையும் தமிழில் செய்தார் என்பது மொழி பயிற்றுவோர் மனங்கொள்ளத்தக்கது.

இப்படம் 1966-இல் தெலுங்கிலும் 1974-இல் இந்தியிலும் மீண்டும் எடுக்கப்பட்டது. ஒன்பது வேடங்களைத் தெலுங்கில் அக்கினேனி நாகேசுவர ராவும் இந்தியில் சஞ்சீவ் குமாரும் ஏற்றனர். தெலுங்கிலும் நளினாவின் பொறுப்பு சாவித்திரியிடமே வந்து சேர்ந்தது. ஒன்பது வேடத்துக்கு வேறொருவரைத் தேடிக்கொண்ட திரையுலகம், அந்த ஒரு வேடத்துக்கு அவரையே நாடியது.

மறுப்புரைகளுக்கு விடை

நவராத்திரி சிவாஜியின் படம். அதில் சாவித்திரிக்கு என்ன பெருமை என்பர் சிலர். விளம்பரத்தில் யார் பெயர் பெரிதாக இருந்தது என்பது வேறு. திரையில் யார் இடையறாது நின்றார் என்பது வேறு. ஆடவர் ஒவ்வொருவரும் ஓர் இரவோடு விடைபெறுகின்றனர். இறுதி வரை நடப்பவள் நளினா ஒருத்தியே.

1957-இல் வந்த 'மாயாபசார்' படமே சிறந்தது என்பர் வேறு சிலர். கடோற்கசன் சசிரேகையின் வடிவில் வந்து நிற்கும் பகுதியில், பெண்ணுடலில் அரக்கனின் மிடுக்கைக் காட்டி நகைச்சுவையில் உச்சம் தொட்டார் சாவித்திரி. இது வலிமையான வாதம். பாசமலர் வாதத்தினும் மேலானது. எனினும் அது படத்தின் ஒரு பகுதி. நவராத்திரியிலோ படம் முழுவதும் அவர் தோள்மேல் நிற்கிறது.

நளினா இறுதியில் வீடு திரும்பி, தந்தை பார்த்த மணமகனையே மணக்கிறாளே, அது புரட்சியா என்று வினவுவாரும் உளர். அவ்வினாவில் நியாயம் உண்டு. கதை தன் துணிவிலிருந்து இறுதியில் பின்வாங்கியது மெய்யே. ஆனால் கதையின் குறையை நடித்தவர் தலையில் சுமத்துதல் முறையாகாது. எட்டு இரவுகள் தனித்து நடந்த பெண்ணை அவர் நடித்துக் காட்டிவிட்டார். அதன்பின் கதையாசிரியர் அழைத்தும் அவள் முழுதாகத் திரும்பி வருவதில்லை.

இன்னொரு தவறும் அண்மைக் காலத்தில் வேரூன்றியுள்ளது. 1981 திசம்பர் 26-இல் மறைந்த சாவித்திரியின் இறுதிக்காலம் துயரம் நிறைந்தது. 2018-இல் வெளிவந்த 'நடிகையர் திலகம்' திரைப்படம் அவ்வாழ்வை இளந்தலைமுறைக்கு எடுத்துக்காட்டியது. அதில் சாவித்திரியாக நடித்த கீர்த்தி சுரேசு தேசிய விருதும் பெற்றார். அது நன்றே. ஆனால் அதன் பின், சாவித்திரி என்றாலே ஏமாற்றப்பட்ட பெண், அழுத பெண் என்ற எண்ணம் மாணவரிடையே வலுப்பெற்றுள்ளது. வாழ்வில் பட்ட துன்பம்தான் திரையில் நடிப்பாக வந்தது என்று கூறுவது, அவருடைய உழைப்பையும் அறிவையும் ஒருசேரப் பறிப்பதாகும். நளினாவாக நடித்தவர் அழத் தெரிந்ததனால் நடிகையர் திலகம் ஆகவில்லை. எப்போது அழாதிருக்க வேண்டும் என்று தெரிந்ததனால் ஆனார்.

எது இதில் பணயம்?

ஒரு பழைய படத்தைப் பற்றி இத்துணை வழக்காடுவது வீண் என்று கருதலாம். வீண் அன்று. எந்தப் பெண் பாத்திரத்தைச் சிறந்தது என்று பள்ளி போற்றுகிறதோ, அந்தப் பெண்ணையே மாணவியர் முன்மாதிரியாகக் கொள்வர்.

வட சிலாங்கூர் தோட்டத்துப் பெண் வாழ்ந்த வாழ்வை எண்ணுக. விடியற்காலைப் பெரட்டில் மண்டோரின் முன் நின்றாள். நண்பகலில் பால் நிறுக்கும் கிராணியின் முன் நின்றாள். பிள்ளைக்காகப் பள்ளி ஆசிரியரின் முன்னும், சீட்டுப் பணத்துக்காகக் கடைக்காரரின் முன்னும், இரவில் கள்ளுக்கடையிலிருந்து திரும்பிய கணவனின் முன்னும் நின்றாள். ஒவ்வொருவர் முன்னும் சினம், அச்சம், இரக்கம், எள்ளல் அனைத்தும் அவள் நெஞ்சில் எழுந்தன. அனைத்தையும் ஒரே முகத்தில் அடக்கி, தன்னை இழக்காமல் மறுநாளும் எழுந்து வாளியெடுத்து நடந்தாள். அவளுக்கு நேர் உருவம் திரையில் இருந்தது என்றால், அது அண்ணன் கையைப் பற்றி உயிர்விட்ட இராதா அன்று. ஒன்பது பேரை எதிர்கொண்டும் உடையாமல் நடந்த நளினாவே. ஆயினும் அத்திடலில் அவளுக்குக் கற்பிக்கப்பட்டது, அழுகையே பெண்ணின் அழகு என்பது.

தோட்டங்கள் பல இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. படத்துணி கட்டிய கம்பங்கள் மறைந்துவிட்டன. முதலில் தொலைக்காட்சியும் பின்னர் ஒளிநாடாவும் திடலைக் கலைத்தன. ஆனால் திடலில் எழுந்த தீர்ப்பு மட்டும் கலையாமல் மாணவர் கட்டுரைகளில் வாழ்கிறது. "உள்ளத்தை உருக்கியது", "கண்ணீரை வரவழைத்தது" என்ற இரு தொடர்களைக் கொண்டே கதையையும் கவிதையையும் நாடகத்தையும் திறனாய்ந்து முடித்துவிடும் பழக்கம் அதன் விளைவே. புறநானூற்றின் பெருமிதத்தையும் கலித்தொகையின் நகையையும் அப்பழக்கத்தால் சுவைக்க இயலாது.

ஆசிரியர்கள் வகுப்பறையில் இரு படங்களின் காட்சிகளையும் அடுத்தடுத்துக் காட்டி, எதிரே நிற்பவர் பேசும்போது சாவித்திரியின் முகத்தை மட்டும் நோக்குமாறு மாணவரைப் பணிக்கலாம். ஒலியை நிறுத்திவிட்டுக் காட்டுதல் இன்னும் நன்று. இசையும் உரையாடலும் விலகிய பின் எஞ்சி நிற்பது எதுவோ, அதுவே நடிகரின் சொந்தச் செல்வம். அச்செல்வத்தை எண்ணிப் பார்த்த பின்னும் ஒரு மாணவி பாசமலரே சிறந்தது என்று காரணங்காட்டி எழுதுவாளாயின், அக்கட்டுரைக்கு முழு மதிப்பெண் அளிக்கலாம். காரணம் காட்டாது கண்ணீரை மட்டும் காட்டும் கட்டுரைக்கு அம்மதிப்பெண் உரியதன்று.