திரையில் தெரியும் மருத்துவர்

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

"கைராசிக்கார டாக்டர்" என்று நம் ஊர்களில் சொல்வதுண்டு. நாடியைப் பிடித்துப் பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லி, "ஒன்றுமில்லையம்மா, பயப்படாதே" என்று அவர் சொன்னாலே பாதி நோய் பறந்துவிடும். ஊசி போடாத மருத்துவரை மருத்துவர் என்றே ஒப்புக்கொள்ளாத பாட்டிமார் எங்களில் பலர் வீட்டில் உண்டு. அவர்களிடம் கைபேசியை நீட்டி, "இதில் டாக்டர் வருவார், நோயைச் சொல்லுங்கள்" என்றால் சிரிக்கமாட்டார்களா? அந்தச் சிரிப்பை அறியாமை என்று கூறுவோருடன் நாங்கள் உடன்படவில்லை.

தொலைவிலிருந்து மருத்துவம் பார்ப்பது நம் நாட்டில் நேற்று வந்ததன்று. ஆயினும் அதற்கென முறையான வழிகாட்டு நெறிகள் 2020 மார்ச் 25 அன்றுதான் வெளிவந்தன. அடுத்த மாதமே, ஊரடங்கு நாள்களில், வீட்டிலிருந்தே மருத்துவருடன் பேசும் வசதியை இ-சஞ்சீவனி என்ற பெயரில் மத்திய அரசு திறந்தது. அதை மிகுதியாகப் பயன்படுத்திய மாநிலங்களுள் நம் தமிழ்நாடும் ஒன்று. இதைக் கொண்டு மக்கள் மனமுவந்து ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று சொல்லலாமா? அன்று வாசலைத் தாண்டவே அச்சம். வேறு வழியில்லாமல் ஏற்பது வேறு, விரும்பி ஏற்பது வேறு அல்லவா?

விரும்பி ஏற்றதற்கும் சான்று உண்டு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 2004ஆம் ஆண்டு முதல் சிற்றூர்களில் பார்வை மையங்களை நடத்தி வருகிறது. அங்கே மருத்துவர் இல்லை. பயிற்சி பெற்ற ஓர் இளம்பெண் கருவியின் முன் நோயாளியை அமர்த்திக் கண்ணைச் சோதிக்கிறார். எங்கோ இருக்கும் மருத்துவர் திரை வழியே அதைப் பார்த்து நோயாளியிடம் பேசுகிறார். மக்கள் தயங்காமல் போகிறார்கள். ஏன்? அருகில் ஒரு மனிதர் இருக்கிறார். இமையை விலக்கிப் பார்க்க ஒரு கை இருக்கிறது. மருத்துவர் தூரத்தில் இருப்பது நம் மக்களுக்குப் பெரிய குறையன்று. பக்கத்தில் ஒருவரும் இல்லாததே குறை.

ஆகவே, வீட்டில் தனியே பேசும் முறையைவிட, துணை சுகாதார நிலையத்தில் பணியாளர் ஒருவர் உடனிருந்து, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துச் சொல்லி, பிறகு மருத்துவருடன் பேசவைக்கும் முறையையே பெருக்கவேண்டும் என்பது எங்கள் கருத்து. இ-சஞ்சீவனியிலேயே இதற்கும் இடமுண்டு. நெஞ்சுவலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் திரை உதவாது. ஓட வேண்டியது மருத்துவமனைக்குத்தான். ஆனால் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடும் ஒருவர், "அதே மாத்திரையைத் தொடரலாம்" என்ற ஒரு சொல்லைக் கேட்பதற்காகப் பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் இழக்கத்தான் வேண்டுமா?

பெண்களின் நிலை தனி. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் தாமே பயன்படுத்தும் கைபேசி வைத்திருந்தோர் 54 சதவீதமே. மற்றவர்கள் கணவரிடமோ மகனிடமோ கேட்டு வாங்கித்தான் பேசவேண்டும். கருப்பைக் கோளாற்றை மகன் கைபேசியைப் பிடித்திருக்க, மாமியார் பக்கத்தில் அமர்ந்திருக்க, எந்தத் தாய் வாய்திறந்து சொல்வாள்? "சரியாப் போச்சு, ஒன்றுமில்லை" என்று எழுந்துவிடுவாள். நோயும் அவளோடு எழுந்து அடுப்படிக்குப் போகும்.

எங்களுக்கும் இதில் பங்குண்டு. சிறுவயதினர் மருத்துவருடன் இணையத்தில் பேசும்போது பெரியவர் ஒருவர் உடனிருக்கவேண்டும் என்பது விதி. அது எங்கள் பாதுகாப்புக்காகத்தான்; மறுக்கவில்லை. ஆனால் அப்பா உடனிருக்கையில் மாதவிலக்கு வலியைப் பற்றி ஒரு பெண் எப்படிப் பேசுவாள்? (இச்சொல்லை மலரில் எழுதலாமா என்று எங்களுக்குள்ளேயே ஒரு விவாதம் நடந்தது. எழுதத் தயங்கினால் சொல்லவும் தயங்குவோம் என்று எழுதிவிட்டோம்.) உடனிருப்பவர் அம்மாவாகவோ அக்காவாகவோ இருந்தால் போதும், பாதித் தயக்கம் போய்விடும்.

மருத்துவரின் பெயரும் பதிவெண்ணும் தெரியாமல் எவரிடமும் பேசவேண்டாம் என்பதையும் பெற்றோருக்கு நினைவூட்டுகிறோம். அவற்றைத் தெரிவிக்க வேண்டியது மருத்துவரின் கடமையென அந்த வழிகாட்டு நெறிகளே கூறுகின்றன.

சுகாதார நிலையங்களில் திரையும் இணையமும் அமைப்பவர்களிடம் எங்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அந்த அறைக்கு ஒரு கதவு வையுங்கள். கதவுக்கு வழியில்லையென்றால் கனமான ஒரு துணித்திரையாவது கட்டுங்கள். வெளியே வரிசையில் நிற்பவர்கள் காதில் விழாது என்று தெரிந்தால், எங்கள் அம்மாக்கள் பேசுவார்கள்.