தாய்ப்பால் தாயின் கடமை மட்டுமா?

பிறந்தது முதல் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது நம் நாட்டில் பாடசாலை மாணவிக்கும் தெரிந்த விடயம். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைகளில் 82 வீதமானோர் தாய்ப்பாலை மட்டுமே அருந்தினர். பெருமைப்படத்தக்க கணக்குத்தான். ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதும் 17 வீதம். தோட்டப்புறங்களில் ஏறத்தாழ 32 வீதம்.

கொஸ்லந்தையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வாழும் தாய்மாருக்குப் பிள்ளைப் பாசம் குறைவா? இல்லை. குறைவாக இருப்பது நேரம்.

சட்டப்படி தோட்டத் தொழிலாளிக்குப் பிரசவ விடுமுறை 12 வாரம். முன்பு மூன்றாவது பிள்ளைக்கு அதிலும் பாதிதான் கிடைத்தது. 2018ஆம் ஆண்டுத் திருத்தமே அந்த வேறுபாட்டை நீக்கியது. இருந்தும் குழந்தைக்கு ஏறத்தாழ இரண்டரை மாதமாகும்போது தாய் மீண்டும் கூடையைத் தூக்க வேண்டும். மருத்துவம் சொல்வது ஆறு மாதம். இடையிலுள்ள மூன்றரை மாதத்தை யார் நிரப்புவது?

அதற்கும் சட்டத்தில் வழியுண்டு. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்டும் தாய்க்கு நாளில் இருமுறை இடைவேளை வழங்க வேண்டும். பிள்ளை மடுவம் இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணி நேரம். இல்லையென்றால் ஒரு மணி நேரம். ஆனால் கொழுந்து பறிக்கும் மலை ஒரு பக்கம், பிள்ளை மடுவம் மறுபக்கம் என்றால், ஏறி இறங்கவே அந்த அரை மணி போய்விடும். போய் வந்தால் கொழுந்தின் நிறை குறையும். நிறை குறைந்தால் அரைப்பேர். பசித்த பிள்ளைக்கும் நாட்கூலிக்கும் நடுவே ஒரு தாயை நிறுத்துவது நியாயமா?

குழந்தை அடிக்கடி குடித்தால்தான் பால் ஊறும். நீண்ட இடைவெளி விழ விழப் பால் வற்றும். பிறகு மா டின் வருகிறது. அதைக் கரைக்கும் தண்ணீரில் சுத்தம் இல்லையென்றால் வயிற்றோட்டமும் வருகிறது. இதைக் கண்டு, "பால் கொடுக்காத தாய்" என்று அவளைப் பழிப்பது எளிது.

பாலூட்டுவது தாயின் வேலை. அவளைப் பாலூட்ட விடுவது மற்ற எல்லோருடைய வேலை. இரண்டு வருடப் பாலூட்டலைச் சொல்லும் திருக்குர்ஆனின் அல்-பகரா அத்தியாயம், அதே வசனத்தில் அந்தத் தாய்க்கு உணவும் உடையும் வழங்கும் பொறுப்பைத் தந்தை மீது வைக்கிறது. எந்த மதத்தவரும் ஏற்கத்தக்க நீதி இது.

பாலூட்டும் தாய்மாருக்குப் பிள்ளை மடுவத்துக்கு அண்மையிலுள்ள மலையில் வேலை கொடுக்கலாம். இடைவேளைக்குரிய கொழுந்தை நாளாந்த நிறையிலிருந்து கழிக்கலாம். கறந்த பாலைச் சுத்தமான, மூடிய பாத்திரத்தில், வெயில் படாத இடத்தில் நான்கு மணி நேரம் வரை வைக்கலாம் என்பதை மருத்துவமாது தாய்க்கு மட்டுமன்றி, பிள்ளையைப் பார்க்கும் பாட்டிக்கும் ஆயாவுக்கும் சொல்லிக் கொடுக்கலாம். வீட்டில் தண்ணீர் சுமப்பதையும் விறகு தேடுவதையும் கணவர் ஏற்கலாம்.

நாளை நம்மில் சிலர் தாதியராகவும் ஆசிரியைகளாகவும் தோட்ட உத்தியோகத்தர்களாகவும் வருவோம். அன்று ஒரு தாயிடம், "ஏன் பால் கொடுக்கவில்லை?" என்று கேட்பதற்கு முன், "உங்களுக்கு நேரம் கிடைக்கிறதா?" என்று கேட்போம்.