தடம் சொல்லாத வழிகாட்டி

வழி சொல்வது வேறு, தடம் சொல்வது வேறு. இந்த வித்தியாசத்தை இன்னும் சரியாகக் கற்றுக்கொள்ளாத ஒரு குரலை நம்பித்தான் இன்று நாம் நெடுஞ்சாலையில் காரோட்டுகிறோம்.

தர்மபுரி மாவட்டத்துத் தொப்பூர் கணவாயைப் பாருங்கள். பெங்களூரிலிருந்து சேலம் நோக்கி வரும் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை அங்கே வளைந்து வளைந்து சரிவில் இறங்குகிறது. தொப்பூரில் மேட்டூர், பவானி செல்லும் சாலை பிரிகிறது. 2020 டிசம்பரில் இந்தக் கணவாயில் ஒரு லாரி, முன்னேயிருந்த வண்டிகள் மீது மோதி நான்கு பேர் மாண்டார்கள். 2024 ஜனவரியில் மறுபடியும் நான்கு பேர். அவற்றுக்குக் கைப்பேசி காரணமென்று நான் சொல்லவில்லை. ஆனால், பாரம் ஏற்றிய லாரிகள் பின்னால் இறங்கி வரும் சாலையில், தடம் தெரியாமல் ஒரு கார் திகைத்து நின்றால் என்ன ஆகுமென்று யோசிக்க அவை போதாவா?

"200 மீட்டரில் திரும்பவும்" என்கிறது குரல். 80 கிலோமீட்டர் வேகத்தில் அது ஒன்பது விநாடி! அதற்குள் பின்னால் பார்த்து, லாரிகளுக்கு நடுவே தடம் மாறி, சர்வீஸ் ரோடு திறக்கும் இடத்தையும் கண்டுபிடித்தாக வேண்டும்.

திறந்த வெளியில்கூடச் சாதாரணக் கைப்பேசி தன் இடத்தைச் சுமார் 5 மீட்டர் பிசகோடுதான் அறிகிறது. ஒரு தடத்தின் அகலமோ 3.5 மீட்டர். ஆகவே நாம் எந்தத் தடத்தில் இருக்கிறோம் என்பது அந்த யந்திரத்துக்கு நிச்சயமாகத் தெரியாது. எந்தத் தடத்தில் இருக்க வேண்டும் என்பதையாவது 2 கிலோமீட்டர் முன்பே சொல்லலாமல்லவா?

2024 ஜூலையில் கூகுள் நிறுவனம், மேம்பாலத்தில் ஏற வேண்டுமா கூடாதா என்று முன்கூட்டிச் சொல்லும் வசதியை இந்தியாவில் 40 நகரங்களுக்கு அறிவித்தது. சந்தோஷம். நகரத்தில் பாலம் தவறினால் கால்மணி நேரம் போகும். கணவாயில் தடம் தவறினால் போவது எது?

"போர்டைப் பார்த்து ஓட்டத் தெரியாதா?" என்பார்கள் அனுபவசாலிகள். இரவு மழையில், பக்கத்தில் போகும் கண்டெய்னர் லாரி போர்டை மறைக்கும்போது எதைப் பார்ப்பது? உள்ளூர்க்காரருக்குப் போர்டே வேண்டாம். ஆனால் ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை போகும் சாலை உள்ளூர்க்காரருக்காக மட்டும் போட்டதல்லவே!

பழியைக் கம்பெனிகள் தலையில் மட்டும் போடுவதும் நியாயமல்ல. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்துப் பரேலி அருகே, வெள்ளம் ஒரு பகுதியை அடித்துச் சென்றிருந்த பாலத்தில் ஏறிய கார் ராமகங்கையில் விழுந்து மூவர் இறந்தனர். வரைபடத்தை நம்பிப் போனார்கள் என்று செய்தி வந்தது. உடைந்த பாலத்தைப் பற்றி வரைபடத்துக்குச் சொல்ல வேண்டியது யார்? சாலை போட்டவர்கள்தாம். எங்கே தடம் பிரிகிறது, எங்கே சர்வீஸ் ரோடு திறக்கிறது, எங்கே சரிவு கடுமை என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்த விஷயங்கள். நெடுஞ்சாலை ஆணையம் அவற்றை எந்த வரைபடக்காரரும் எடுத்தாளும்படி பகிரங்கமாக வெளியிட வேண்டும். வேலை நடந்து தடம் மாறினால் அன்றைக்கே திருத்த வேண்டும்.

கதை எழுதுகிறவனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பீர்கள். சொல்ல வேண்டியதை உரிய இடத்தில் சொல்லாவிட்டால் பயனில்லை என்பதுதானே என் தொழிலின் முதல் பாடம்! மூன்று நிமிஷம் மிச்சப்படுத்தித் தரும் சாமர்த்தியம் எனக்கு வேண்டாம். "கணவாய் வருகிறது, இடது தடத்துக்கு வாருங்கள், கியரைக் குறையுங்கள்" என்று தக்க சமயத்தில், தமிழில், அந்தக் குரல் சொல்லட்டும்.