துப்பாக்கி தானாக வெடித்ததா? விரல் அழுத்தியதா?

அமெரிக்காவில் ஒரு கைத்துப்பாக்கியைப் பற்றிச் சில ஆண்டுகளாகப் பெரிய தகராறு. பெயர் சிக் சாவர் பி-320. 2017-ம் ஆண்டு அமெரிக்க ராணுவம் பொறுக்கி எடுத்த துப்பாக்கி இதுதான். ராணுவத்தில் இதற்கு எம்-17, எம்-18 என்று பெயர்.

உறையில் சும்மா இருந்த துப்பாக்கி வெடித்து விட்டது, விசையைத் தொடவே இல்லை என்று காயம்பட்டவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். அவர்களில் போலீஸ்காரர்களும் உண்டு. விசையை அழுத்தாமல் வெடிக்கவே வெடிக்காது என்று கம்பெனி அடித்துச் சொல்கிறது. 2024-ல் ஜார்ஜியாவிலும் பிலடெல்பியாவிலும் ஜூரிகள் கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். வேறு பல வழக்குகளில் கம்பெனி ஜெயித்தது.

2025 ஜூலையில் வயோமிங் மாநிலத்தில் உள்ள விமானப்படைத் தளத்தில் ஒரு வீரர் எம்-18 குண்டு பாய்ந்து இறந்தார். உடனே அந்தப் படைப்பிரிவில் இதை உபயோகிக்கக் கூடாது என்று உத்தரவு! ஆகஸ்டில் கதை திரும்பியது. அந்தச் சாவு சம்பந்தமாக இன்னொரு விமானப்படை வீரர் கைதானார். துப்பாக்கிகளைப் பரிசோதித்து விட்டு மறுபடியும் கையில் கொடுத்து விட்டார்கள்.

தப்பு துப்பாக்கி மேலா, விரல் மேலா? பி-320 வந்த பிறகு பிறந்த கேள்வி அல்ல இது. இந்த ரகத் துப்பாக்கி போலீசார் கைக்கு வந்த நாளில் இருந்து இருக்கிற கேள்வி. இதில் உயிரை விட்டவர்களில், துப்பாக்கியைத் தொட்டே பார்க்காதவர்களும் உண்டு.

சுத்தி போய் ஊசி வந்தது

பழைய ரிவால்வரைச் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். பின்னால் கொம்பு மாதிரி ஒரு சுத்தி நீட்டிக்கொண்டு இருக்கும். விசையை இழுக்க இழுக்க அது பின்னுக்குப் போகும். பிறகு 'டப்' என்று விழுந்து அடிக்கும். இழுப்பு நீளம். கனமும் அதிகம். சுமார் 5 கிலோ வரும்.

1982-ல் ஆஸ்திரிய ராணுவம் குளோக் என்ற கைத்துப்பாக்கிக்கு மாறியது. செய்தவர் காஸ்டன் குளோக். அதற்கு முன் கைத்துப்பாக்கியே செய்யாதவர்! சட்டம் பிளாஸ்டிக். வெளியே சுத்தி கிடையாது. உள்ளே ஸ்பிரிங் வைத்த ஊசி. அதற்கு ஸ்டிரைக்கர் என்று பெயர். விசையை இழுத்தால் ஊசி பாய்ந்து தோட்டாவின் பின்புறத்தைக் குத்தும். கட்டைவிரலால் தள்ளுகிற பூட்டும் இல்லை. விசையின் நடுவில் சின்ன நாக்கு ஒன்று. விரல் அதை அமுக்கினால்தான் விசை நகரும். இன்று பல நாட்டுப் போலீசார் இடுப்பில் தொங்குவது இந்த ரகம்தான்.

வெளியே பார்த்தால் எல்லாக் கம்பெனித் துப்பாக்கியும் ஒரே கறுப்பு டப்பா. விரலுக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

குளோக்கில் ஊசி அரைகுறையாகத்தான் இழுபட்டு நிற்கும். மிச்சத்தை விரல் இழுக்க வேண்டும். முதலில் லேசாக வரும். பிறகு சுவரில் முட்டின மாதிரி ஒரு தடை. அதைத் தாண்டி அமுக்கினால் வெடி. மொத்தத் தூரம் 12 மில்லிமீட்டர் சொச்சம். கம்பெனியில் இருந்து வரும்போது இழுப்பு சுமார் 2½ கிலோ. கொஞ்சம் 'சொதசொத' என்று இருக்கிறது என்பது சுடுகிறவர்களின் நெடுநாள் புகார். பழகினவர்கள் அதையே விடமாட்டார்கள்.

பி-320-ல் ஊசி முழுக்க இழுபட்டுத் தயாராக நிற்கிறது. விரல் அதை அவிழ்த்து விட்டால் போதும். அதனால் வெடிக்கிற இடம் 'பளிச்' என்று தெரியும். குறி பார்க்கச் சௌகரியம். ஆனால் குளோக்கில் உள்ள நாக்கு இதில் இல்லை. ஒரு குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தால் வெடிக்கிறது என்று 2017 ஆகஸ்டில் அமர்க்களமாயிற்று. கம்பெனி உள் சாமான்களை இலவசமாக மாற்றிக் கொடுத்தது. கனமான விசை, விழுந்த வேகத்தில் தானே பின்னுக்கு ஓடியதுதான் கோளாறு. எடை குறைந்த விசை போட்டார்கள்.

வால்தர் கம்பெனியின் பி.பி.க்யூ. இன்னும் மென்மை. சுட்டதும் விசை கொஞ்சூண்டு முன்னால் வந்தாலே அடுத்த குண்டுக்குத் தயார். பந்தயத்தில் சுடுகிறவனுக்கு இது வரம். இருட்டு மாடிப்படியில் வியர்த்துக்கொண்டு நிற்கிற போலீஸ்காரனுக்கு?

பிடிமானமும் ஆளுக்கு ஆள் வேறு. குளோக்கின் பிடி சாய்வு அதிகம். வேறு துப்பாக்கியில் பழகியவன் எடுத்து நீட்டினால் குழல் வானத்தைப் பார்க்கும். கைக்குத் தகுந்தபடி பிடியின் முதுகுப்பட்டையை மாற்றிக்கொள்ள இப்போது வசதி வந்து விட்டது.

ஆறு மடங்கு!

நியூயார்க் போலீஸ் 1990-களில் ரிவால்வரை விட்டு மாறத் தொடங்கியது. கடைசி ரிவால்வர்கள் 2018-ல்தான் விடைபெற்றன. மாறும்போது அதிகாரிகளுக்கு ஒரு பயம். எல்லாம் ரிவால்வரில் பழகின விரல். லேசான விசை கிடைத்தால் பட்பட் என்று வெடித்துத் தொலைக்குமே! குளோக்கில் கனமான ஸ்பிரிங் போடச் சொன்னார்கள். 2½ கிலோ இழுப்பு சுமார் 5½ கிலோ ஆகி விட்டது. அந்தக் கன ஸ்பிரிங்குக்கு 'நியூயார்க் விசை' என்றே பெயர் நிலைத்தது.

கணக்குப் பாருங்கள். தோட்டா நிரப்பிய குளோக்-19 மொத்தமே 850 கிராம். அதன் விசையை இழுக்க 5½ கிலோ. துப்பாக்கியின் எடையைப் போல் ஆறு மடங்கு! விசையை இழுக்கிற விரல், துப்பாக்கியையும் சேர்த்து ஒரு பக்கமாக இழுத்து விடுகிறது. குழல் நுனி ஒரு நூல் அசைந்தால் போதும். 20 மீட்டர் தள்ளி, குண்டு ஏறக்குறைய ஒரு முழம் விலகிப் போகும். அந்த ஒரு முழத்துக்குள் யார் நிற்கிறார்களோ, அவர்கள் பாடு!

16 குண்டு

2012 ஆகஸ்டு 24. காலை நேரம். எம்பயர் ஸ்டேட் கட்டிடத்துக்கு வெளியே ஆபீசுக்குப் போகிற கூட்டம். ஒருவன் தன்னோடு முன்பு வேலை பார்த்தவரைச் சுட்டுக் கொன்று விட்டு, ஒன்றும் நடக்காதது போல நடந்து போனான். இரண்டு போலீசார் பின்னால் போனார்கள். அவன் திரும்பித் துப்பாக்கியை நீட்டினான். போலீசார் சுட்டார்கள். 16 குண்டு. அவன் விழுந்து செத்தான்.

தெருவில் போனவர்கள் 9 பேர் காயம். 9 பேர் மீதும் பட்டது போலீஸ் குண்டும், அது தெறித்த துண்டுகளும்தான்.

விசைதான் காரணம் என்று அன்றைய சம்பவத்தை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. கூட்டம், பயம், அவசரம் எல்லாம் சேர்ந்து இருந்தது. ஆனால் கன விசையைப் பற்றிய முணுமுணுப்பு அதன் பிறகு உரத்த குரலாயிற்று. இத்தனைக்கும் எச்சரிக்கை முன்னமேயே வந்திருந்தது. 2006-ல் ஷான் பெல் என்ற வாலிபரின் கார் மீது போலீசார் 50 குண்டு சுட்டார்கள். மறுமணி நேரங்களில் அவருக்குக் கல்யாணம் நடக்க இருந்தது. அவர் இறந்தார். ஊர் கொதித்தது. போலீஸ் இலாகா, ராண்ட் என்ற ஆராய்ச்சி நிறுவனத்தைக் கூப்பிட்டுத் துப்பாக்கிப் பயிற்சியை ஆராயச் சொன்னது.

1998 முதல் 2006 வரையிலான கணக்கு வெளியே வந்தது. எதிரி திருப்பிச் சுட்ட சண்டைகளில் குறி பட்டது 100-க்கு 18. எதிரி சுடாத இடங்களில் 100-க்கு 30. மிச்சக் குண்டெல்லாம் சுவருக்கும், காருக்கும், தெருவுக்கும்! லேசான விசையைப் பரிசீலியுங்கள் என்று 2008-ல் ராண்ட் சொன்னது. நியூயார்க் மசிந்தது 2021-ல். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இழுப்பு குறைந்த விசை என்று முடிவாயிற்று.

லேசாக்கினால் சரியா?

அதுவும் இல்லை. தலைநகர் வாஷிங்டன் போலீஸ் 1980-களின் கடைசியில் குளோக் வாங்கியது. கன ஸ்பிரிங் கிடையாது. பத்து வருஷம் கழித்து, 1998-ல், வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை தோண்டி எடுத்தது. தவறுதலாக வெடித்த சம்பவங்கள் 120-க்கு மேல்! 19 போலீசார் தங்களையோ, கூட நின்ற போலீசாரையோ சுட்டு விட்டார்கள்.

இந்தத் துப்பாக்கியில் ஒரு கூத்து உண்டு. குளோக்கைத் துடைப்பதற்குக் கழற்ற வேண்டுமானால், முதலில் விசையை இழுத்தாக வேண்டும். மேகசினை உருவி விட்டோமே என்று தைரியமாக இழுப்பார்கள். குழலுக்குள் ஒரு தோட்டா உட்கார்ந்து இருக்கும். பி-320-ஐ விசையைத் தொடாமலே கழற்றலாம். அது அதன் பெருமைகளில் ஒன்று.

லாஸ் ஏஞ்சல்ஸ் ஷெரீப் இலாகா கதையும் அதே. அங்கே பெரெட்டா துப்பாக்கி இருந்தது. கட்டைவிரல் பூட்டு உண்டு. முதல் இழுப்பு நீளம், கனம். 2013-ல் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் எம் அண்டு பி என்ற ஸ்டிரைக்கர் துப்பாக்கிக்கு மாறத் தொடங்கினார்கள். பூட்டு இல்லை. இழுப்பு குறைவு. 2012-ல் தவறுதலாக வெடித்தது 12 தடவை. 2014-ல் 30.

துப்பாக்கி கெட்டதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. விசை மேல் விரலைப் போட்டுக்கொண்டு நடக்கிற பழக்கம் முன்னமே இருந்தது. கனமான முதல் இழுப்பு அதை மூடி மறைத்தது. புதுத் துப்பாக்கி காட்டிக் கொடுத்து விட்டது. அந்தப் பழக்கத்தை விடச் செய்ய ஆள் வேண்டும், நேரம் வேண்டும், பெட்டி பெட்டியாகத் தோட்டா வேண்டும். ஸ்பிரிங் மாற்றுவது சல்லிசு. நியூயார்க் சல்லிசான வழியில் போயிற்று என்பேன்.

ஜூரி கையில் துப்பாக்கி

சரி, அந்தக் கன விசை விபத்தையாவது தடுத்ததா?

2014 நவம்பர் 20 இரவு. புரூக்ளினில் பிங்க் ஹவுசஸ் என்ற அரசாங்கக் குடியிருப்பு. மாடிப்படியில் விளக்கு எரியவில்லை. பீட்டர் லியாங் என்ற புதுப் போலீஸ்காரர் துப்பாக்கியை உருவிப் பிடித்தபடி எட்டாவது மாடிக் கதவைத் திறந்துகொண்டு படிக்கு வந்தார். அதே நேரம் ஏழாவது மாடியில் அக்காய் கர்லி, வயது 28, லிஃப்டுக்குக் காத்துப் பார்த்துச் சலித்து, தோழியோடு படிக்கு வந்தார்.

துப்பாக்கி வெடித்தது. சுவரில் பட்டுத் திரும்பிய குண்டு கர்லியின் நெஞ்சில் பாய்ந்தது. அவர் கையில் ஆயுதம் இல்லை. ஒரு குற்றமும் செய்யவில்லை. இரண்டு மாடி இறங்கிச் சுருண்டு விழுந்தார். பரிதாபமாக இறந்தார்.

ஏதோ சத்தம் கேட்டுத் திடுக்கிட்டேன், உடம்பு விறைத்தது, வெடித்து விட்டது, விரல் விசை மேல் இல்லை என்று லியாங் கோர்ட்டில் சொன்னார். ஜூரிகள் அந்தத் துப்பாக்கியைக் கேட்டு வாங்கினார்கள். விசையை இழுத்துப் பார்த்தார்கள். 5 கிலோவுக்கு மேல் இழுப்பு. இது தானாக வருமா? 2016 பிப்ரவரியில் குற்றவாளி என்றார்கள்.

ஜூரி அறையில் நிதானமாக இழுக்கிற விரலுக்கு 5 கிலோ பெரிய பாரம். திடுக்கிட்ட கைக்கு அப்படி அல்ல. திடீர்ச் சத்தம் கேட்டாலும், கால் இடறினாலும், இன்னொரு கை எதையாவது இறுக்கிப் பிடித்தாலும் விரல்கள் தன்னால் சுருங்கும். பஸ்சில் பிரேக் போடும்போது கம்பியை எப்படிப் பிடிக்கிறீர்கள்? விசை வளையத்துக்குள் விரல் இருந்தால் அந்தப் பிடிக்கு ஸ்பிரிங் எம்மாத்திரம்! கன விசை, குறி பார்க்கிற விரலைத்தான் தடுமாற வைக்கிறது. பயந்து இறுகுகிற கையை நிறுத்துவதில்லை.

நீதிபதி குற்றத்தின் கடுமையைக் குறைத்தார். 5 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 800 மணி நேரம் சமூக சேவை. ஜெயில் இல்லை. லியாங் வேலையை இழந்தார். 2016 ஆகஸ்டில் கர்லி குடும்பத்தோடு சமரசம் ஆயிற்று. நியூயார்க் நகரம் 41 லட்சம் டாலர், குடியிருப்பு வாரியம் 4 லட்சம், லியாங் தன் பங்குக்கு 25 ஆயிரம். பணம் கர்லியின் சின்ன மகளுக்கு.